இரண்டு நோட்டுகள், ஒரு நோயாளி: மருத்துவமனைகளின் மருந்து மற்றும் சிகிச்சைக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டின் அரசு, தனியார் மருத்துவமனைகளில் மருந்து மற்றும் சிகிச்சைக் குழுக்களின் பொறுப்பில் இருக்கும் மருத்துவர்களுக்கும், மருந்தியல் பேராசிரியர்களுக்கும், மருந்தாளுநர்களுக்கும்,

வணக்கம்.

முப்பது ஆண்டுகளுக்கு மேல் மருத்துவமனை மருந்தாளுநராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். அந்த ஆண்டுகளில் பெரும்பகுதி, புறநோயாளிகளுக்கு மருந்து கொடுக்கும் கவுன்ட்டருக்கு உள்ளே நின்றபடியே கழிந்தது. இதயநோய்ப் பிரிவின் சீட்டும் நீரிழிவுப் பிரிவின் சீட்டும் வேறு வேறு அறைகளில், வேறு வேறு கைகளால் எழுதப்படுகின்றன. இரண்டும் ஒருசேரக் கண்ணில் படுகிற ஒரே இடம் மருந்து வாங்கும் இடம்தான். அங்கே நின்று பார்த்தவற்றை இந்த மடலில் எழுதுகிறேன். உங்களுக்கு எழுதுவதற்குக் காரணம் உண்டு. ஒரு மருத்துவமனையில் மருந்துகள் எப்படி எழுதப்படுகின்றன என்பதை ஒரு தனி மருத்துவரின் குறையாகப் பார்க்காமல் அந்த இடத்தின் பழக்கமாகப் பார்த்துத் திருத்தும் பொறுப்பு உங்கள் குழுவுக்கே தரப்பட்டிருக்கிறது.

ஓய்வு பெறுவதற்குச் சில ஆண்டுகளுக்கு முன், ஒரு முற்பகல் வேளையில், அறுபத்தைந்து வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா மஞ்சள் பையிலிருந்து, மருத்துவர் மருந்து எழுதித் தரும் நோட்டை எடுத்து நீட்டினார். மாரடைப்பு வந்து இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. இதயத்தின் சுருங்கும் திறன் குறைந்துவிட்டதாக நோட்டின் முதல் பக்கத்தில் எழுதியிருந்தது. அன்றைக்கு ஃபுரோசமைடு மாத்திரையின் அளவை இரண்டு மடங்காக்கியிருந்தார்கள். “கால் வீக்கம் வடியவே மாட்டேங்குது தம்பி, நீர் மாத்திரையைக் கூட்டிக் குடுத்திருக்காங்க” என்றார். சர்க்கரைக்கு என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டேன். “அது வேற நோட்டு தம்பி, அதை வெளியில பாக்குறேன்” என்று பையின் அடியிலிருந்து இன்னொன்றை எடுத்தார். அதில் மெட்ஃபார்மினும் பயோகிளிட்டசோனும் சேர்ந்த கூட்டு மாத்திரை ஒன்று கம்பெனிப் பெயரில் எழுதப்பட்டிருந்தது. பயோகிளிட்டசோன் உடலில் உப்பையும் நீரையும் தேக்கும் மருந்து. இதயச் செயலிழப்பு உள்ளவர்களுக்குக் கொடுக்கக் கூடாது என்ற எச்சரிக்கை அதற்கு உண்டு. ஒரு நோட்டில் இருந்த மாத்திரை நீரைத் தேக்கியது. மற்றொரு நோட்டில் இருந்த மாத்திரை அந்த நீரை வெளியேற்றப் போராடியது. இது போதாதென்று, ஒரு நோட்டில் அட்டோர்வாஸ்டாட்டினும் இன்னொன்றில் ரோசுவாஸ்டாட்டினும் இருந்தன. ஒரே வேலையைச் செய்யும் இரண்டு கொழுப்பு மாத்திரைகளையும் அவர் தினமும் இரவில் தவறாமல் சாப்பிட்டு வந்தார்.

நான் ஒரு துண்டுக் காகிதத்தில் இதை எழுதி, அவரையே இதயநோய் மருத்துவரிடம் திருப்பி அனுப்பினேன். பயோகிளிட்டசோன் நிறுத்தப்பட்டது. சில வாரங்களில் வீக்கம் வடிந்தது. நீர் மாத்திரையின் அளவும் பின்னர் குறைக்கப்பட்டது. இரண்டு மருத்துவர்களில் எவர் மீதும் எனக்குக் குறை இல்லை. தம் மேசைக்கு வந்த நோட்டுக்கு இருவரும் சரியாகவே எழுதியிருந்தார்கள். அந்த அம்மாவின் இரண்டு நோட்டுகளையும் சேர்த்துப் படிக்கும் வேலை எவருடைய பொறுப்பாகவும் இல்லை என்பதே அங்கே நடந்தது. இன்றும் பெரும்பாலான இடங்களில் அது எவருடைய பொறுப்பாகவும் இல்லை.

இவரைப் போன்றவர்கள் எத்தனை பேர் என்பது உங்களுக்குத் தெரியும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவுடன் நடந்து 2023-ல் வெளியான நாடு தழுவிய ஆய்வு, இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாகவும், வயது வந்தோரில் 35.5 விழுக்காட்டினருக்கு ரத்த அழுத்தம் இருப்பதாகவும் கணக்கிட்டது. தமிழ்நாட்டில் 2020-ல் நடத்தப்பட்ட கணக்கெடுப்பில், நீரிழிவு உள்ளவர்களில் 10.8 விழுக்காட்டினருக்கும் ரத்த அழுத்தம் உள்ளவர்களில் 7.3 விழுக்காட்டினருக்கும் மட்டுமே நோய் கட்டுப்பாட்டில் இருந்தது. அதற்குப் பிறகு, 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் மாத்திரைகளை வீட்டு வாசலுக்கே கொண்டு சேர்க்கிறது. 1994-ல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், மருந்து கொள்முதலில் பிற மாநிலங்கள் பார்த்துப் பின்பற்றிய ஒரு முறையை உருவாக்கியிருக்கிறது. மருந்து போய்ச் சேருவதற்கு நாம் இவ்வளவு செய்திருக்கிறோம். போய்ச் சேருகிற மருந்து அந்த மனிதருக்குப் பொருத்தமானதா என்று பார்ப்பதற்கு அதில் ஒரு பங்கு உழைப்பைக்கூட நாம் செலவிடவில்லை.

மருந்துச் சீட்டுத் தணிக்கை நடக்கிறதே என்று நீங்கள் சொல்லலாம். நடக்கிறது, நானும் அதில் பலமுறை பங்கேற்றிருக்கிறேன். தரச்சான்று வழங்கும் அமைப்புகள் அதைக் கட்டாயமாகக் கேட்கின்றன. படிவத்தில் இருக்கும் கேள்விகளும் எனக்கு மனப்பாடம்: எழுத்து தெளிவாக இருக்கிறதா, மருந்தின் பொதுப்பெயர் (கம்பெனிப் பெயர் அல்லாதது) எழுதப்பட்டிருக்கிறதா, அளவும் வேளையும் நாட்களும் இருக்கின்றனவா, மருந்து அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ளதா, கையொப்பமும் பதிவு எண்ணும் இருக்கின்றனவா, சராசரியாக ஒரு சீட்டில் எத்தனை மருந்துகள். பொதுப்பெயரைத் தெளிவான எழுத்தில் எழுத வேண்டும் என்பது 2016-ல் திருத்தப்பட்ட மருத்துவர் நடத்தை விதியிலேயே இருக்கிறது. இந்தக் கேள்விகள் எல்லாம் தேவையானவைதான். ஆனால் இவற்றில் ஒன்றுகூட, சீட்டின் தலைப்பில் இருக்கும் நோயையும் அதன் கீழே இருக்கும் மருந்துகளையும் சேர்த்துப் படிக்கச் சொல்லவில்லை.

மருந்துகளின் சராசரி எண்ணிக்கையையே எடுத்துக்கொள்வோம். உலக சுகாதார நிறுவனம் 1993-ல் வெளியிட்ட மருந்துப் பயன்பாட்டுக் குறியீடுகளிலிருந்து வந்தது இது. சளி, காய்ச்சல், வயிற்றுப்போக்கு என்று ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு வருகிறவர்களுக்குத் தேவையில்லாமல் ஊசியும் நுண்ணுயிர்க்கொல்லியும் கொடுக்கப்படுவதைக் கண்டறிய மிகச் சிறந்த கருவி அது. அங்கே சராசரி இரண்டுக்குள் இருப்பது நல்ல அடையாளம். அதே அளவுகோலை இதயநோய்ப் பிரிவுக்குக் கொண்டுவந்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். நீரிழிவு உள்ள ஒருவர் மாரடைப்புக்குச் சிகிச்சை பெற்று வீட்டுக்குப் போகும்போது ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், கொழுப்பைக் குறைக்கும் ஒரு ஸ்டாட்டின், ரத்த அழுத்தத்தைக் குறைக்கும் எனலாப்ரில் அல்லது ராமிப்ரில், இதயத்துடிப்பின் வேகத்தைத் தணிக்கும் ஒரு பீட்டா தடுப்பான், சர்க்கரைக்கு மெட்ஃபார்மின், டபாகிளிஃப்ளோசின் என்று ஏழு மருந்துகள் அவருக்கு நியாயமாகவே தேவைப்படலாம். இதயம் பலவீனமாகியிருந்தால் ஸ்பைரோனோலாக்டோனும் சேரும். நான் இருந்த ஒரு தணிக்கையில், தேவையான ஏழு மருந்துகளையும் எழுதியிருந்த ஓர் இளம் மருத்துவரின் சீட்டில் ‘அதிக மருந்துகள்’ என்று சிவப்பு மையில் குறித்தார்கள். ஸ்டாட்டினே இல்லாத மூன்று மருந்துச் சீட்டு ஒன்று குறையில்லாமல் தேறியது. அன்றைக்கு நான் மறுத்துப் பேசியிருக்க வேண்டும், பேசவில்லை. அந்தச் சிவப்புக் குறி இன்றும் என்னை உறுத்துகிறது.

ஆகவே நான் உங்களிடம் கேட்பது, எண்ணுவதை விட்டுவிட்டுப் படிக்கத் தொடங்குங்கள் என்பதே. இதயநோயும் நீரிழிவும் சேர்ந்த நோயாளிகளின் சீட்டுகளை மட்டும் தனியே எடுத்து, எது இருக்க வேண்டுமோ அது விடுபட்டிருக்கிறதா, எதை நிறுத்தியிருக்க வேண்டுமோ அது தொடர்கிறதா என்ற இரண்டையும் ஒவ்வொரு சீட்டிலும் பாருங்கள்.

விடுபடுவதன் விளைவு சிறியதல்ல. 17 நாடுகளில் நடத்தி 2011-ல் வெளியிடப்பட்ட ஓர் ஆய்வில், ஏற்கெனவே இதயநோயோ பக்கவாதமோ வந்தவர்கள் மறுதாக்குதலைத் தடுக்கும் நான்கு வகை மருந்துகளில் எதையேனும் சாப்பிடுகிறார்களா என்று கேட்டார்கள். இந்தியாவையும் சேர்த்துக் குறைந்த வருமான நாடுகள் என்று வகைப்படுத்தப்பட்டவற்றில், நூற்றுக்கு 80 பேர் ஒன்றையும் சாப்பிடவில்லை. இந்தியாவின் 89 மருத்துவமனைகளில் 20,468 மாரடைப்பு, திடீர் நெஞ்சுவலி நோயாளிகளைப் பதிவு செய்து 2008-ல் வெளியான ஆய்வு இன்னும் வேதனையான ஒன்றைச் சொன்னது. ஏழை நோயாளிகளில் 8.2 விழுக்காட்டினர் 30 நாட்களுக்குள் இறந்தார்கள். வசதி படைத்தவர்களில் 5.5 விழுக்காட்டினர். பெற்ற சிகிச்சையின் வேறுபாட்டைக் கணக்கில் எடுத்துக்கொண்டதும் அந்த இடைவெளி மறைந்துவிட்டது. ஏழைகள் கூடுதலாக இறந்தது அவர்களுடைய உடல்வாகினால் அல்ல. நிரூபிக்கப்பட்ட சிகிச்சைகள் அவர்களுக்குக் குறைவாகக் கிடைத்ததுதான் காரணம். இந்த ஒரு பக்கத்தை உங்கள் குழுக் கூட்டத்தில் யாராவது உரக்கப் படிக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

மருத்துவமனைகளில் நான் பார்த்த விடுபடல்களில் முதலிடம் ஸ்டாட்டினுக்கு. நாற்பது வயதைக் கடந்த நீரிழிவு நோயாளிகளில் பெரும்பாலோருக்கு, மாரடைப்பு வராதிருந்தாலும், ஸ்டாட்டின் தேவை என்பதில் உலகின் முக்கிய வழிகாட்டுதல்கள் ஒத்துப்போகின்றன. ஆனால் சர்க்கரைக்கு மூன்று வகை மாத்திரைகளும் நரம்புக்கு ஒரு வைட்டமினும் வயிற்றுக்கு ஒரு பான்டோப்ரசோலும் இருக்கும் சீட்டில், ஸ்டாட்டின் இருக்காது. நோயாளி கேட்பது சர்க்கரை எண்ணை; மருத்துவரும் அதையே பார்க்கிறார். நீரிழிவு உள்ளவர்கள் பெரும்பாலும் இறப்பது இதயத்தாலும் ரத்தக் குழாய்களாலும் என்பது அந்த எண்ணுக்குப் பின்னால் மறைந்துபோகிறது. சிறுநீரில் அல்புமின் என்ற புரதம் போகிறதா என்ற எளிய சோதனை எழுதப்படாததால், சிறுநீரகத்தையும் காக்கும் எனலாப்ரிலோ டெல்மிசார்ட்டானோ பெற்றிருக்க வேண்டியவர்கள், ரத்த அழுத்தத்துக்கான வெறும் அம்லோடிபினோடு ஆண்டுக்கணக்கில் வந்து போகிறார்கள்.

அடுத்தது, சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றும் எம்பாகிளிஃப்ளோசின், டபாகிளிஃப்ளோசின் குடும்பம். இதயநோய் உள்ள நீரிழிவு நோயாளிகளில் எம்பாகிளிஃப்ளோசின் இதயம் சார்ந்த இறப்பை 38 விழுக்காடு குறைத்தது என்று 2015-ல் தெரியவந்தபோது, அது நம் ஊர் மருந்துக் கவுன்ட்டருக்கு எட்டாத விலையில் இருந்தது. சுருங்கும் திறன் குறைந்த இதயத்துக்கு, நீரிழிவு இல்லாதவர்களுக்கும்கூட, டபாகிளிஃப்ளோசின் உதவுகிறது என்பது 2019-ல் உறுதியானது. 2021-ல் உலக சுகாதார நிறுவனம் இந்தக் குடும்பத்தைத் தன் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. இந்தியாவில் 2020 முதல் டபாகிளிஃப்ளோசினின் மலிவான வடிவங்கள் வரத் தொடங்கின. 2025 மார்ச்சில் எம்பாகிளிஃப்ளோசினின் காப்புரிமை முடிந்ததும், 60 ரூபாய் அளவில் விற்ற மாத்திரையைச் சில நிறுவனங்கள் பத்து ரூபாய்க்கும் குறைவாகக் கொண்டுவந்தன. விலையைக் காரணம் காட்டி ஒதுக்கி வைத்த காலம் முடிந்துவிட்டது. இருந்தும் பலவீனமான இதயமும் நீரிழிவும் சேர்ந்தவர்களின் சீட்டில் கிளிமெபிரைடு, டெனிலிகிளிப்டின் என்ற வேறு சர்க்கரை மருந்துகள்தான் பழக்கத்தின் வேகத்தில் வந்து விழுகின்றன. டெனிலிகிளிப்டின் மலிவானது, சர்க்கரையைக் குறைப்பது, 2022-ன் தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இடம்பெற்றது, அதில் மறுப்பில்லை. ஆனால் அது மாரடைப்பையோ இதயச் செயலிழப்பையோ குறைக்கும் என்று காட்டிய பெரிய ஆய்வு எதுவும் இல்லை. அதே குடும்பத்தைச் சேர்ந்த சாக்ஸாகிளிப்டின், இதயச் செயலிழப்புக்காக மருத்துவமனையில் சேர வேண்டிய நிலையை அதிகரித்தது என்பதை 2013-லேயே பார்த்தோம். இதயநோயாளிக்குச் சர்க்கரை மருந்தைத் தேர்ந்தெடுக்கும்போது இந்த வேறுபாடு எடைபோடப்பட வேண்டும்.

புதிய மருந்தை எல்லோருக்கும் எழுதுங்கள் என்று நான் கேட்கவில்லை. பிறப்புறுப்பில் பூஞ்சைத் தொற்று வரலாம் என்றும், வாந்தி பேதியோ பட்டினியோ அறுவை சிகிச்சையோ என்றால் இந்த மாத்திரையை நிறுத்தி வைக்க வேண்டும் என்றும் சொல்லிக் கொடுக்க ஆள் வேண்டும். சொல்லிக் கொடுக்காமல் கொடுத்தால், சர்க்கரை அதிகம் ஏறாமலேயே ரத்தத்தில் அமிலம் கூடிப் படுத்துவிடுகிற ஆபத்து உண்டு. அந்த ஐந்து நிமிடப் பேச்சுக்கு மருந்தாளுநரை நியமியுங்கள். 2015-ன் மருந்தாளுநர் பணி ஒழுங்குமுறை, சீட்டைப் பரிசீலிப்பதையும் நோயாளிக்கு ஆலோசனை சொல்வதையும் எங்கள் கடமையாகவே வகுத்திருக்கிறது. கடமை தாளில் இருக்கிறது. கவுன்ட்டரில் நிற்கும் வரிசையில் அதற்கு இடமில்லை.

நிறுத்தப்படாத மருந்துகளைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. அதனால் அதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். அட்டோர்வாஸ்டாட்டின், ஆஸ்பிரின், குளோபிடோக்ரல் மூன்றும் அடங்கிய ஒரே கேப்சூல் நம் ஊரில் பெருவழக்கு. மூன்றை ஒன்றாக்கியதால் மாத்திரைச் சுமை குறைகிறது, மறதி குறைகிறது, அது நன்மைதான். ஆனால் ஆஸ்பிரினும் குளோபிடோக்ரலும் சேர்ந்து கொடுக்கப்பட வேண்டியது பொதுவாக ஓராண்டு வரை; அதன் பின் பெரும்பாலோருக்கு ஒன்று போதும். கேப்சூலுக்குள் இருக்கும் ஒன்றை மட்டும் நிறுத்த முடியாது. டிஸ்சார்ஜ் சம்மரியில் ‘தொடரவும்’ என்று எழுதிய ஒரு சொல், அடுத்த மருத்துவருக்கும் அதற்கடுத்தவருக்கும் கட்டளையாகிறது. மாரடைப்பு வந்து ஐந்து, ஆறு ஆண்டுகள் கழிந்தும் அந்தக் கேப்சூலை வாங்க வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். மலம் கறுத்துப் போகிறது என்று, வயிற்றுக்குள் ரத்தக்கசிவின் அடையாளத்தைச் சொன்ன ஒரு பெரியவரை அங்கிருந்தே அவசரப் பிரிவுக்கு அனுப்பியும் இருக்கிறேன்.

இதற்கு நேர் எதிர்ப்புறத்தில், இதயநோய் எதுவுமே இல்லாத நீரிழிவு நோயாளிகளுக்கு ‘முன்னெச்சரிக்கை’ என்று எழுதப்படும் ஆஸ்பிரின் இருக்கிறது. 15,480 நீரிழிவு நோயாளிகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து 2018-ல் வெளியிட்ட ஆய்வில், ஆஸ்பிரின் இதய, மூளை ரத்தக்குழாய்ப் பாதிப்புகளை 12 விழுக்காடு குறைத்தது. பெரிய ரத்தக்கசிவுகளை 29 விழுக்காடு கூட்டியது. கிடைத்த நன்மையைத் தீமை ஏறக்குறையச் சரிக்கட்டிவிட்டது. தகுந்த காரணம் பார்த்துத் தனித்தனியே முடிவெடுக்க வேண்டிய ஒன்று அது. ‘சர்க்கரை’ என்று எழுதியதுமே கை தானாக எழுதிவிடும் மருந்தாக அது இருக்கக் கூடாது.

நெஞ்சுவலி நின்று பல ஆண்டுகள் ஆனவருக்குத் தொடரும் ஐசோசார்பைடு வலியைத் தணிக்கும், ஆயுளைக் கூட்டாது. நெஞ்சுவலிக்கே தரப்படும் டிரைமெட்டாசிடின் நடுக்கமும் உடல் இறுக்கமும் தரக்கூடும் என்பதால் ஐரோப்பிய மருந்து முகமை 2012-ல் அதன் பயன்பாட்டைக் கட்டுப்படுத்தியது. இங்கே அதைச் சாப்பிட்டுக்கொண்டே கை நடுக்கத்துக்கு நரம்பியல் பிரிவில் வேறு மருந்து வாங்குகிறவர் இருந்தால் யார் கண்டுபிடிப்பார்கள்? மாரடைப்புக்குப் பின்னும் இதயத்தின் சுருங்கும் திறன் குறையாதவர்களுக்குப் பீட்டா தடுப்பானால் கூடுதல் பயன் தெரியவில்லை என்று 2024-ல் ஓர் ஆய்வு வந்திருக்கிறது. அந்த விவாதம் இன்னும் முடியவில்லை என்றாலும், இத்தகைய கேள்வி எழும்போது அதைக் கூட்டத்தில் எடுத்துப் பேசுவதற்குத்தான் உங்கள் குழு இருக்கிறது.

சிறுநீரகத்தின் நிலை தெரியாமல் எழுதப்படும் சர்க்கரை மருந்துகள் எனக்குத் தனிக் கவலை. வடிகட்டும் திறன் 30-க்குக் கீழே போனவருக்கு மெட்ஃபார்மின் கூடாது. கிளிபென்கிளமைடு நீண்ட நேரம் வேலை செய்து, வயதானவர்களின் சர்க்கரையை நள்ளிரவில் இறக்கிவிடும். அறுபது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு அது ஏற்றதல்ல என்று உலக சுகாதார நிறுவனத்தின் பட்டியலே சொல்கிறது. கந்தசஷ்டிக்கு ஆறு நாள் விரதம் இருப்பவரும், ரமலான் மாதம் முழுவதும் நோன்பு நோற்பவரும் வழக்கமான ‘காலை ஒன்று, இரவு ஒன்று’ சீட்டோடுதான் வீட்டுக்குப் போகிறார்கள். விரதம் இருப்பீர்களா என்று யாராவது கேட்டார்களா என்று நான் விசாரித்தபோதெல்லாம் பெரும்பாலும் இல்லை என்றே பதில் வந்தது. இன்சுலினில் வேறொரு ஆபத்து: ‘10’ என்று எழுதி அதை ஒட்டி ஆங்கிலத்தின் ‘யூ’ எழுத்தைப் போட்டால் அவசரத்தில் அது 100 என்று படிக்கப்படும். 40 யூனிட் குப்பிக்கு உரிய சிவப்பு மூடி ஊசிக்குழலையும் 100 யூனிட்டுக்கு உரிய ஆரஞ்சு மூடி ஊசிக்குழலையும் மாற்றிப் பயன்படுத்தினால் அளவு இரண்டரை மடங்கு பிசகும். ‘யூனிட்’ என்று முழுச் சொல்லாக எழுதுவதும், எந்த ஊசிக்குழல் என்று சேர்த்து எழுதுவதும் காசு செலவில்லாத பாதுகாப்பு.

மருத்துவர்களின் மீது பழிபோட எனக்கு மனம் வரவில்லை. பல நாடுகளில் மருத்துவர் ஒரு நோயாளிக்குச் செலவிடும் நேரத்தைத் தொகுத்து 2017-ல் வெளியான ஆய்வில், இந்தியாவின் அளவு சுமார் இரண்டு நிமிடம். இரண்டு நிமிடத்தில் பழைய பக்கத்தைப் பார்த்து ‘அதே மருந்து’ என்று எழுதத்தான் முடியும். எது கையிருப்பில் இருக்கிறதோ அது எழுதப்படுகிறது. எந்தக் கம்பெனிப் பிரதிநிதி கடைசியாக வந்து போனாரோ அவருடைய மருந்து நினைவில் நிற்கிறது. கூட்டு மருந்துகளின் பெருக்கமும் இதனோடு சேர்கிறது. 2018 செப்டம்பரில் 328 கூட்டு மருந்துகளையும், 2024 ஆகஸ்டில் 156 கூட்டு மருந்துகளையும் மத்திய அரசு தடை செய்ய வேண்டி வந்தது என்பதே, காரணமில்லாமல் சேர்க்கப்பட்டவை எத்தனை காலம் சீட்டுகளில் இருந்தன என்பதைக் காட்டும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். மருந்து எழுதும் முறை பற்றிய ஆய்வுகளுக்கு நம்மிடம் பஞ்சமில்லை. மருந்தியல் மேற்படிப்பு மாணவர்களும், 2008 முதல் நடத்தப்படும், மருந்தாளுநருக்கான உயர்படிப்பான ஃபார்ம்.டி-யின் மாணவர்களும் ஆண்டுதோறும் மருத்துவமனைகளில் ஆறு மாதம் சீட்டுகளைச் சேகரிக்கிறார்கள். எந்த மருந்து அதிகம் எழுதப்பட்டது என்று வரைபடம் போடுகிறார்கள். நீரிழிவில் மெட்ஃபார்மின் முதலிடம் என்று எழுதி, கட்டு போட்டு, கல்லூரி நூலகத்தில் வைக்கிறார்கள். சீட்டை எழுதிய மருத்துவரிடம் அந்த முடிவு போய்ச் சேர்வதே இல்லை. அந்த மாணவர்கள் நெடுநேரம் நின்று ஒவ்வொரு சீட்டாகப் பார்த்து நகலெடுத்ததை நான் அருகிலிருந்து பார்த்தவன். அவ்வளவு உழைப்பையும் உங்கள் கூட்டத்தின் பொருள்நிரலில் சேர்த்தால், புதிய பணியிடம் எதுவும் கேட்காமலேயே தணிக்கைக்கு ஆள் கிடைத்துவிடும்.

என் கோரிக்கைகளில் முதலாவதையே நான் பெரிதாக நினைக்கிறேன். நாள்பட்ட நோய்க்கான ஒவ்வொரு சீட்டின் தலைப்பிலும் நோயின் பெயர், மாரடைப்பு வந்த மாதமும் ஆண்டும், இதயத்தின் சுருங்கும் திறன், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் சோதனையின் கடைசி அளவு ஆகிய நான்கும் இருக்க வேண்டும். இந்த நான்கு இல்லாமல் ஒரு சீட்டை மருந்தாளுநரால் பரிசீலிக்கவே முடியாது; மாத்திரையை எண்ணிக் கொடுக்கத்தான் முடியும். இவை இருந்தால், இந்த மடலில் நான் குறிப்பிட்ட பிழைகளில் பெரும்பாலானவை கவுன்ட்டரிலேயே கண்ணில் பட்டுவிடும்.

டிஸ்சார்ஜ் சம்மரியில் ஒவ்வொரு மருந்துக்கும் எதிரே ‘எதுவரை’ என்று ஒரு கட்டம் வேண்டும். வாழ்நாள் முழுவதும் என்றால் அப்படியே எழுதலாம். ஓராண்டு என்றால் முடியும் மாதத்தை எழுதலாம். நோயாளியிடம் இருக்கும் எல்லா நோட்டுகளையும், வெளியில் வாங்கும் மாத்திரை அட்டைகளையும் கொண்டுவரச் சொல்லி, ஆண்டுக்கு ஒரு முறையாவது ஒரே மேசையில் வைத்துப் படிக்க ஒரு நாள் ஒதுக்க வேண்டும். மருந்தாளுநர் சந்தேகம் எழுதி அனுப்பினால் அதற்குச் சீட்டிலேயே பதில் எழுதும் வழக்கம் வேண்டும். நான் அனுப்பிய துண்டுக் காகிதங்களில் பல, பதிலில்லாமல் குப்பைக்குப் போனவை. மருத்துவமனையின் மருந்துப் பட்டியலைத் திருத்தும்போது, இதயத்தைக் காக்கும் சர்க்கரை மருந்துகளுக்குப் பட்டியலில் இடமும் தடையில்லாத இருப்பும் உறுதி செய்யுங்கள். ஒரு மாதம் கொடுத்து அடுத்த மாதம் இல்லை என்று சொல்வது, எழுதாமல் விடுவதைவிட நோயாளியை அதிகம் குழப்புகிறது.

தணிக்கையால் பயன் உண்டா என்ற கேள்விக்கும் நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டும். கேரளத்தின் 63 மருத்துவமனைகளில் 21,374 மாரடைப்பு நோயாளிகளை உள்ளடக்கி, சரிபார்ப்புப் பட்டியல்களும் மாதாந்திரத் தணிக்கையும் கொண்ட ஒரு முயற்சி சோதிக்கப்பட்டு 2018-ல் முடிவுகள் வெளியாயின. மற்ற காரணங்களைச் சரிசெய்து பார்த்தபோது, 30 நாட்களுக்குள் நிகழ்ந்த பெரும் பாதிப்புகளில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. இதை மறைத்துவிட்டு உங்களிடம் கோரிக்கை வைப்பது முறையல்ல. ஆனால் ஸ்டாட்டினின் பயனும், நிறுத்தப்பட்ட குளோபிடோக்ரலால் தவிர்ந்த ரத்தக்கசிவும், காக்கப்பட்ட சிறுநீரகமும் 30 நாளில் தெரிகிறவை அல்ல. நாள்பட்ட நோய்க்கான சீட்டுகளை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து பார்க்கும் முயற்சி நம் மாநிலத்தில் நடந்தால், அதன் பலனையோ பலனின்மையையோ நாமே அறிந்து சொல்ல முடியும்.

உங்கள் அடுத்த மாதக் கூட்டத்துக்கு, மாரடைப்பும் நீரிழிவும் உள்ள முப்பது பேரின் சீட்டுகளை, பெயர்களை மறைத்து, எடுத்து வையுங்கள். எழுதிய மருத்துவர் யார் என்றும் தெரிய வேண்டாம். ஒவ்வொன்றிலும் ஸ்டாட்டின் இருக்கிறதா, கிரியாட்டினின் எழுதியிருக்கிறதா, இரண்டு ரத்த உறைவுத் தடுப்பு மருந்துகள் எத்தனை மாதமாகத் தொடர்கின்றன, இதயம் பலவீனமானவருக்கு எந்தச் சர்க்கரை மருந்து, வேறு நோட்டு உண்டா என்று பாருங்கள். ஒரு சீட்டுக்கு நான்கு நிமிடம் என்றால் இரண்டு மணி நேர வேலை. என் பக்கத்து மாவட்டங்களில் எந்த மருத்துவமனை அழைத்தாலும் ஊதியமோ பயணப்படியோ இல்லாமல் காலையிலேயே வந்து, உங்களோடு உட்கார்ந்து படிக்க நான் ஆயத்தமாக இருக்கிறேன். மூக்குக்கண்ணாடியும் மருந்தளவுக் குறிப்பேடும் என்னிடம் இருக்கின்றன.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மருத்துவமனை மருந்தாளுநர் ஒருவர்,
காவிரி டெல்டா